நெட்டுல நிக்கவரு திரும்பப்பிடாது

பாருங்க சார், நல்லாவே பாருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். கயத்தாறு தாண்டினதுல இருந்து நீங்க என் கையப் பாக்கதும் முகத்தப் பாக்கதுமா இருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான். தலையப் பாத்தா நரச்சுக் கெடக்கு. கையப் பாத்தா சட்டைக்குள்ள அடங்காம நிக்கி. இது ரெண்டும் ஒரே ஆளுதானான்னு யாருக்கும் தோணத்தான் செய்யும். எனக்கே குளிக்கும்போது அடுத்தவன் கையத் தேய்க்க மாதிரி இருக்கு.

போலீஸா? இல்ல சார். குஸ்தியும் இல்ல. கரண்ட் ஆபீஸ்ல ஏ.இ.யா இருந்து ரிட்டையர்டு. பேரு ஆவுடையப்பன். இது டென்னிஸுக்காக வந்த கை. சிரிக்காதீங்க. சர்வீஸ் வேகமாப் போவணும்னு வெயிட்டு தூக்கித் தூக்கி வந்தது. என்னத்துக்கு வந்துச்சோ, சவம்.

நீங்களும் மதுரைக்குத்தானே? நல்லதாப் போச்சு. நான் ஞானதுரையப் பாக்கப் போறேன். ஞானதுரை பாளையங்கோட்டையில கணக்கு வாத்தியாரா இருந்தவரு. கிளப்புல என் டபுள்ஸ் ஜோடி. ரெண்டு பேருக்கும் தலைமுடி கருப்பா இருந்த காலத்துல இருந்தே ஜோடி. இப்ப மக வீட்டோட போயிட்டாரு, கே.கே. நகர்ல. பாக்கப் போறேன்னு வாயால சொல்லுதேனே தவிர, பாக்க விட்டாத்தானே? அவரு வீட்டம்மா பியூலா மதினி இருக்காங்களே, அவங்க இருக்க வரைக்கும் நடக்காது. ஒவ்வொரு தடவையும் போவேன், வாசலோட திரும்பி வந்துருவேன். அலுத்துப் போச்சு சார். போவாம இருக்கவும் முடியல.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அவருக்கு ஒரு கண்ணு போயிட்டு. என் சர்வீஸ்ல.

இருங்க, இருங்க. உடனே அப்படிப் பாக்காதீங்க. முழுசாக் கேளுங்க. டபுள்ஸ் ஆட்டம் பாத்திருக்கீங்களா? சர்வீஸ் போடுதவன் பின்னால நிப்பான். அவன் ஜோடி முன்னால நெட்டுகிட்ட நிப்பான். பந்து பின்னால இருந்து அவனத் தாண்டித்தான் போவும். அதனால நெட்டுல நிக்கவன் எதுத்தாப்புல உள்ளவனத்தான் பாக்கணும். திரும்பிப் பாக்கவே பிடாது. பந்து பொறமண்டையில பட்டா ஒரு வீக்கத்தோட போயிரும். மூஞ்சிய ஏன் காட்டணும்? பேட்டு புடிச்ச மொத நாளே சொல்லிக் குடுக்க விஷயம் இது. அவரு எத்தன பேருக்கு இதச் சொல்லிக் குடுத்திருக்காரு தெரியுமா? அவரு ஏன் சார் திரும்பினாரு? இத நான் யார்கிட்ட கேட்டாலும் பேச்ச மாத்துதாங்க.

கண்டக்டர் கூப்பிடுதாரு, டிக்கெட்டக் காட்டுங்க. ஆங்.

எங்க கிளப்புல ஒரே ஒரு மண் கோர்ட்டுதான். காலையில மார்க்கர் முப்புடாதி தண்ணி தெளிச்சு உருளை போட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்து வச்சிருப்பான். நாங்க போயி அதக் கலைக்க வேண்டியது. பழைய ஆளுங்க எங்க ரெண்டு பேரையும் ஒத்தப் பேராத்தான் சொல்லுவாங்க. 'ஆவுடைஞானம் வந்தாச்சா'ம்பாங்க. நான் தனியாப் போனா 'மிச்சம் எங்க'ம்பாங்க.

உள்ளதச் சொல்லணும்லா, என் சர்வீஸு பையத்தான் போவும். பையப் போனாலும் சொன்ன எடத்துல விழும். நடுக்கோட்டு ஓரமாப் போயி விழுந்து, எந்திரிக்க மனசில்லாம எந்திரிக்கும். எதுத்தாப்புல உள்ளவன் 'இம்புட்டுத்தானா'ன்னு ஓங்கி அடிப்பான். அவன் எங்க அடிப்பான்னு ஞானதுரைக்குத் தெரியும். நெட்டுல குறுக்க ஒரு பாய்ச்சல். பட்டுனு ஒரு வெட்டு. பாயிண்டு முடிஞ்சிட்டு. இதுக்கு எங்களுக்குள்ள ஒரு கணக்கு உண்டு. நான் சர்வீஸ் போடதுக்கு முன்னாடி அவரு முதுகுக்குப் பின்னால கைய வச்சு எனக்குக் காட்டுவாரு. முஷ்டி மூடியிருந்தா, நின்ன எடத்துல நிக்கேன், உம்ம இஷ்டத்துக்குப் போடும்னு அர்த்தம். ரெண்டு விரல் நீட்டியிருந்தா, குறுக்க பாயப் போறேன், நடுவுல பையப் போடும்வேன்னு அர்த்தம். எங்க ஆட்டமே அந்த ரெண்டு விரல்லதான் ஓடிச்சு.

'உம்ம சர்வீஸு பையப் போவதுதான்வே நமக்குச் சொத்து. அது போய்ச் சேரதுக்குள்ள நான் போய்ச் சேந்திருவேன்'ம்பாரு. நான் மனசு கஷ்டப்படப்பிடாதுன்னு சொல்லுதாருன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

பொங்கலுக்குப் பொங்கல் கிளப்புல டோர்னமெண்டு நடக்கும். முந்தின பொங்கல்ல ஒரு புது ஜோடி வந்துட்டு. பேங்க் மேனேஜர் ஒருத்தன், நிதின்னு பேரு, கோயம்புத்தூர்ல இருந்து மாத்தலாகி வந்தவன். கூட ஒரு எலும்பு டாக்டர். அந்த நிதின் சர்வீஸ் அடிச்சா பின்னால வேலி அதிரும். எங்களத் தோக்கடிச்சிட்டான். சரி, தோக்கதுதான், வயசாயிட்டுலா. பொறவு எல்லாரும் பானைத் தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்கோம். அவன் சொல்லுதான், 'ஆவுடையப்பன் சார் சர்வீஸ் வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு காபி குடிச்சுட்டு வந்துருவேனுங்க.' எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போங்க, எனக்கென்ன. ஆனா ஞானதுரையும் சிரிச்சாரு சார். சிரிச்சதோட விட்டாரா? 'தம்பி, எனக்கும் ஒண்ணு சொல்லிரும், சீனி கம்மியா'ன்னாரு.

அன்னைக்குச் சாப்பாடு எறங்கல. வீட்டுல செண்பகம் கேக்கா, என்னங்க, மூஞ்சி இப்படி இருக்குன்னு. அவகிட்ட என்னன்னு சொல்ல? என் ஜோடி என்னப் பாத்துச் சிரிச்சுட்டாருன்னா? கோட்டி புடிச்சிருக்குன்னு நெனைக்க மாட்டாளா?

அப்படித்தான் ஜிம்முக்குப் போனேன். பெருமாள்புரத்துல மாடியில இருக்கு. இசக்கிராஜான்னு ஒரு பையன்தான் மாஸ்டர். உடற்கல்வி படிச்சவன், ஈட்டி எறிஞ்சவன். என்னய மேலயும் கீழயும் பாத்தான். 'என்ன சார், தொப்பையக் குறைக்கணுமா?'ன்னான். 'தொப்பை கெடக்கட்டும். என் சர்வீஸு வேகமாப் போவணும்'னேன். அப்பத்தான் கொஞ்சம் மரியாதையாப் பாத்தான்.

நான் என்ன நெனச்சேன், கையில டம்பெல்லக் குடுப்பான், தூக்கலாம்னு. அவன் மொத மாசம் பூரா கைய விட்டே வைக்கல. உக்காந்து எந்திரிக்கச் சொன்னான், தோள்ல கம்பிய வச்சுக்கிட்டு. கேட்டா, 'சார், சர்வீஸ் வேகம் கையில பொறக்கல, தரையில பொறக்குது. கால் தள்ளணும், இடுப்பு திரும்பணும், தோள் வரணும், கை கடைசியா வரும். கை சும்மா சவுக்கு நுனி மாதிரி'ன்னான். ஒரு கனத்த பந்து வச்சிருந்தான். அத ரெண்டு கையாலயும் தூக்கிச் சுவத்துல எறியணும். பாரத்தக் கொறச்சு வெரசாத் தூக்கணும்பான். எனக்கு அதெல்லாம் புடிக்கல. அவன் அந்தப் பக்கம் போனதும் நான் பெஞ்சுல படுத்து இரும்புத் தட்டு ரெண்ட அதிகமா மாட்டிருவேன். கைதானே சார் பந்த அடிக்கி? காலா அடிக்கி?

ஒண்ணு மட்டும் அவன் சொன்னபடி செஞ்சேன். பாரம் தூக்கும்போது மூச்ச அடக்கப்பிடாதாம். அடக்கினா ரத்தக் கொதிப்பு ஏறிருமாம். உந்தித் தள்ளும்போது 'ஹா'ன்னு சத்தமா வெளிய விடணும்பான். அது எனக்கு நல்லாப் புடிபட்டுட்டு. நான் 'ஹா'ன்னா கீழ பூக்கடை வரைக்கும் கேக்கும்னு பையங்க கேலி பண்ணுவானுவ.

பாரம் தூக்கலாமான்னா? நீங்க கேக்கது நியாயம்தான். தூக்கப்பிடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. நெஞ்சுல ஸ்டெண்டு வச்சிருக்கு சார் எனக்கு. அதெல்லாம் டாக்டருங்க எல்லாருக்கும் சொல்லுததுதான். ஜிம்முல சொன்னா சேக்க மாட்டான், சொல்லல. வீட்டுல நடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். செண்பகத்துக்கு ஒரே சந்தோஷம். ஞானதுரைகிட்டயா? மூச்சு விடல. அவருக்குத் தெரிஞ்சுதோ, அன்னைக்கோட ஜிம்மு முடிஞ்சிருக்கும். அந்த ஸ்டெண்டு வச்ச நாள்ல இருந்து அவரு எனக்குப் பெத்த தகப்பன் மாதிரி.

அந்த நெஞ்சு வலி வந்தது கோர்ட்டுலதான். சர்வீஸ் போடக் கையத் தூக்குதேன், நெஞ்ச யாரோ முறுக்கிப் பிழிஞ்ச மாதிரி இருக்கு. ஒரு சத்தம் போட்டேனாம். எனக்கு நெனப்பில்ல. ஞானதுரை சொல்லுவாரு, 'ஒரு மாதிரிச் சத்தம்வே, மாடு கத்தின மாதிரி. நான் திரும்பல. ரூலுலா? திரும்பாம பந்துக்காக நின்னேன். பந்து வரல. அப்பத்தான் திரும்பினேன், நீரு மண்ணுல கெடந்தீரு'ன்னு. அவரும் முப்புடாதியும் என்னய ஸ்கூட்டர்ல நடுவுல வச்சு இடுக்கிக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில போட்டாங்க. பொழைச்சேன். 'கொஞ்சம் முந்தி வந்திருந்தா இன்னும் நல்லது'ன்னு டாக்டரு ஒரு பேச்சுக்குச் சொன்னாரு. அத ஞானதுரை புடிச்சுக்கிட்டாரு. 'நான் ஒடனே திரும்பியிருக்கணும்வே'ம்பாரு. விடும்வேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்!

கோவில்பட்டி வந்துட்டா? காப்பி குடிக்கீங்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

எதுல விட்டேன்? ஆங், ஜிம்மு. கை மொத்திக்கிட்டே வந்துச்சு. மறைக்கணும்லா? முழுக்கை பனியன் போட்டு ஆட ஆரம்பிச்சேன். என்னவே இதுன்னு ஞானதுரை கேட்டாரு. வெயில் ஒத்துக்கிட மாட்டேங்கு, தோல் டாக்டரு சொல்லியிருக்காருன்னேன். 'பாத்துக்கிடும், உடம்பு முக்கியம்'னாரு. காலையில அவரோட ஆடும்போது பழையபடி பையத்தான் சர்வீஸ் போடுவேன். புது சர்வீஸ வெளிய எடுக்காம வச்சிருந்தேன். பொங்கல் மேட்சுல ஒரு நல்ல பாயிண்டுல எடுத்து வீசணும். நிதின் வாயப் பொளக்கணும். ஞானதுரை திகைச்சுப் போயி 'அட நாசமாப் போறவனே, எங்கவே வச்சிருந்தீரு இத்தன நாளும்?'னு கேக்கணும். அவருக்காகத்தான் சார் வச்சிருந்தேன். அவரு அப்படிக் கேக்கத நெனச்சு நெனச்சுத்தான் அந்த இரும்பெல்லாம் தூக்கினேன்.

எப்பவாவது மத்தியானம் கோர்ட்டுல ஆளில்லாத நேரத்துல போயி ரெண்டு மூணு போட்டுப் பாப்பேன். அடேயப்பா! எனக்கே பயமா இருக்கும். எப்படிப் போவுதுங்கீங்க! எங்க போவுதுன்னு சொல்ல முடியாது, ஆனா போவும். இசக்கிராஜாகிட்ட சந்தோஷமாச் சொன்னேன். அவன் சந்தோஷப்படல. 'சார், இப்ப உங்க ஒடம்பு வேற ஒடம்பு. பழைய கைக்குப் பழகின குறி இந்தக் கைக்குத் தெரியாது. கூடை நெறைய பந்த வச்சுக்கிட்டு தினமும் தனியாப் போட்டுப் பழகுங்க. பழகினதுக்கு அப்புறம் மேட்ச் ஆடுங்க'ன்னான். ஜிம்முக்காரன் எனக்கு டென்னிஸ் சொல்லித் தாரான்! சரிப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். தினமும் போயிப் பழகினா ஊருக்கே தெரிஞ்சிராதா? பொறவு என்ன திகைப்பு இருக்கு?

இந்தப் பொங்கல்ல ஃபைனல் வந்துட்டோம். நெசமாத்தான். எதுத்தாப்புல அதே நிதினும் டாக்டரும். ஊர்ப்பட்ட கூட்டம். மதினி வந்திருந்தாங்க, வீட்டுல சுட்ட முறுக்கு டப்பாவோட. செண்பகம் வந்திருந்தா. அன்னைக்கு ஞானதுரை ஆடினது இருக்கே, சும்மா சொல்லப்பிடாது, நெட்டுல பேயாட்டம் ஆடினாரு. ரெண்டு விரல், பாய்ச்சல், வெட்டு. ரெண்டு விரல், பாய்ச்சல், வெட்டு. நிதினுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. உண்மையச் சொன்னா நாங்க ஜெயிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். என் பழைய சர்வீஸ வச்சே ஜெயிச்சுக்கிட்டு இருந்தோம்.

மேட்ச் பாயிண்டு. சர்வீஸு என்கிட்ட. ஞானதுரை முதுகுக்குப் பின்னால கை வருது. ரெண்டு விரல். நான் பாத்தேன் சார், பாக்காம இல்ல. பையப் போடும்வே, முடிச்சிருவோம்னு அந்த ரெண்டு விரலும் சொல்லுது. ஆனா எதுத்தாப்புல நிதின் நிக்கான். ரெண்டடி முன்னால வந்து நிக்கான், என் பையப் பந்த வாங்குததுக்கு. முன்னால வந்து நின்னா என்ன அர்த்தம்? கேவலம்தானே? இதுதாண்டா நேரம்னு தோணிச்சு. இத விட்டா அடுத்த பொங்கல் வரைக்கும் வச்சிருக்கணும். இந்த வயசுல அடுத்த பொங்கலுக்கு யாரு உத்தரவாதம்?

தூக்கிப் போட்டேன் பந்த. காலு தள்ளிச்சு, இடுப்பு திரும்பிச்சு, எல்லாம் வந்துச்சு. 'ஹா'ன்னேன்.

அவரு திரும்பிட்டாரு.

நான் கேக்கேன், ஏன் திரும்பணும்? பந்து நடுக்கோட்டுக்குப் போவல, சரி, ஒத்துக்கிடுதேன். எடது பக்கமாப் போயிட்டு. போனா என்ன? முதுகுல பட்டிருக்கும், காதுல பட்டிருக்கும். முதுகக் காட்டிக்கிட்டு நின்ன மனுஷன் முழுசாத் திரும்பி, முழுக்கண்ணையும் தொறந்து என்னயப் பாத்தாரு சார். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அவரும் பாத்துக்கிட்டே இருக்காரு. அப்பத்தான் பட்டுச்சு.

கூட்டமெல்லாம் உள்ள ஓடி வருது. மதினி கையில இருந்த டப்பா விழுந்து முறுக்கெல்லாம் மண்ணுல. எலும்பு டாக்டரு நெட்டத் தாண்டிக் குதிச்சு அவர்கிட்ட ஓடினாரு. நான் அங்கனயே உக்காந்துட்டேன். உடனே நாலு பேரு என்னயச் சுத்திக்கிட்டாங்க. 'ஆவுடையப்பனுக்கு மறுபடி நெஞ்சு வலி'ன்னு எவனோ சத்தம் போட்டான். செண்பகம் அழுதுகிட்டு பையில இருந்து மாத்திரைய எடுத்து என் நாக்குக்கு அடியில வச்சா. நான் வேண்டாம்னு சொல்லல. அது கரைஞ்சு போச்சு. அவ்வளவுதான். ஊருக்கே அப்படித்தான் தெரியும் சார். பாவம், ஆவுடையப்பனுக்கு நெஞ்சு வலி வந்து கை தவறிட்டு. பாவம்னுதான் சொல்லுதாங்க என்னய. கோர்ட்டுப் பக்கம் போனா 'ஒடம்பு எப்படி இருக்கு'ன்னு கேக்காங்க. அதக் கேக்க முடியாமத்தான் நான் போவதில்ல.

மதுரைக்குக் கொண்டுபோயி ஆபரேஷன் பண்ணாங்க, மறுபடியும் பண்ணாங்க. அந்தக் கண்ணுல வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. அவ்வளவுதான்னுட்டாங்க. இன்னொரு கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒத்தக் கண்ணுல தூரம் புடிபடாதாம்லா? தம்ளர்ல தண்ணி ஊத்தினா வெளிய போவுதாம். நெட்டுல பறந்து வார பந்த காத்துலயே வெட்டின மனுஷன்.

ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் போட்டிருக்கும்போது போய்ப் பாத்தேன். ரெண்டு கண்ணையும் கட்டியிருந்தாங்க. மதினி பக்கத்துல ஸ்டூல்ல இருக்காங்க. உள்ள நொழஞ்சதும் செருப்புச் சத்தம் கேட்டு, 'ஆவுடையாவே?'ன்னாரு. ஆமான்னேன். கையத் தடவித் தடவி நீட்டினாரு. 'உமக்கு ஒண்ணுமில்லல்லா? சத்தங் கேட்டதும் எனக்கு உசுரே போச்சுவே. இந்தத் தடவ ஒடனே திரும்பிட்டேன், பாத்தீரா'ன்னாரு.

பாத்தீரா-ன்னு கேக்காரு சார். கண்ணக் கட்டிப் போட்டிருக்கவரு என்கிட்ட.

வாயில என்ன வந்துச்சோ அதச் சொன்னேன். 'நெட்டுல நிக்கவரு ஏன்வே திரும்பினீரு?'ன்னேன். அவரு சிரிச்சாரு. 'ரூலு தப்புதான்'னாரு. மதினி என்னய ஒரு பார்வை பாத்தாங்க. எந்திரிச்சுப் போயி ஜன்னலத் தொறந்து விட்டாங்க. அந்தப் பார்வை இருக்கே! அதுல இருந்துதான் அவங்களுக்கு என்னயக் கண்டா ஆவாது. ஜிம்மு விஷயத்த அப்பவே சொல்லியிருக்கலாம், அது நெஞ்சு வலி இல்லவே, வெயிட்டு தூக்கும்போது விடுத மூச்சுவேன்னு. மதினி இருக்கும்போது எப்படிச் சொல்ல? அவங்க இல்லாத நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன். அவங்க அவரு பக்கத்துல இருந்து நகரவே இல்ல. அப்படியே தள்ளிப் போச்சு.

போன் பண்ணேன் ஒரு தடவ. மதினிதான் எடுத்தாங்க. 'தூங்குதாங்க அண்ணாச்சி, எழும்பினதும் பேசச் சொல்லுதேன்'னாங்க. நம்புதீங்களா? பட்டப்பகல்ல என்ன தூக்கம்? பொறவா? பொறவு அன்னைக்குச் சாயங்காலமே அவரு நம்பர்ல இருந்து வந்துச்சு. நான் ஜிம்முல இருந்தேன், எடுக்கல. மறுநாளும் வந்துச்சு. அதுக்கப்புறமும் ஞாயித்துக்கெழமை ஆனா வரும், கோயில்ல ஆராதனை முடிஞ்சு வந்ததும் போடுவாரு. எடுத்தா என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும்லா. செக்கப்புக்குப் போனீரா, மாத்திரை சாப்பிடுதீரான்னு கேப்பாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? அதனால அடிச்சு ஓயட்டும்னு விட்டுருவேன். இப்ப கொஞ்ச நாளா வரதில்ல. மதினி சொல்லித் தடுத்திருப்பாங்க.

ஆமா சார், இன்னும் ஜிம்முக்குப் போறேன். வேற எங்க போவ? வீட்டுல இருந்தா செண்பகம் என் நெஞ்சையே பாத்துக்கிட்டு இருக்கா. விட்டுட்டா கை வத்திரும்னு இசக்கிராஜா சொல்லுதான். வத்தினா நல்லதுதான்னு நெனைப்பேன். ஆனா காலையில கோர்ட்டுக்குப் போன நேரம் வந்ததும் ஒடம்பு கெளம்பிருது. போயி அந்தக் கம்பியத் தூக்குதேன், வைக்கேன். தூக்குதேன், வைக்கேன். சர்வீஸ் போட ஆளில்ல, ஜோடியில்ல. எதுக்குத் தூக்குதேன்னு எனக்கே தெரியல.

இன்னைக்குப் பாத்து அரைக்கைச் சட்டையப் போட்டுட்டு வந்துட்டேன். புழுக்கம் தாங்கல. இந்தக் கையோட எப்படி அவரு முன்னால போயி நிக்க? ஒரு கண்ணு இருக்குலா அவருக்கு. அது இல்லன்னாலும் மதினிக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு. பாத்த ஒடனே கேப்பாங்க, நெஞ்சு வலிக்காரனுக்கு ஏது அண்ணாச்சி இந்தக் கைன்னு.

திருமங்கலம் தாண்டிட்டு. இன்னும் கொஞ்ச நேரந்தான். மாட்டுத்தாவணியில எறங்கினா கே.கே. நகரு நடந்தே போயிரலாம்.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க, காத்துல கேக்கல.

பெல்லா? பெல்லு அடிச்சீங்களான்னா?

அது... எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு சார். அங்க உக்காந்துருவேன். வீடு நல்லாத் தெரியும் அங்க இருந்து. பழம் வாங்கிட்டுப் போவேன், அத அந்த டீக்கடைக்காரர்கிட்டயே குடுத்துருவேன், உங்க புள்ளைகளுக்குக் குடுங்கன்னு. யாராவது வெளிய வந்து என்னயப் பாத்து, வாங்கன்னு கூப்பிட்டாப் போவலாம். கூப்பிடாம எப்படிப் போவ? அவங்க கதவ மூடி வச்சிருக்காங்க. சாத்தின கதவுன்னா என்ன அர்த்தம்?

ஆமா. எல்லா வீட்டுலயும் சாத்தித்தான் வச்சிருப்பாங்க. நீங்க சொல்லுதது சரிதான்.

போன தடவ ஞானதுரையே வெளிய வந்தாரு. வேட்டியக் கட்டிக்கிட்டு, கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. மெலிஞ்சு போயிட்டாரு. கேட்டத் தொறக்கக் கைய நீட்டினாரு. கொக்கி ஒரு எடத்துல இருக்கு, கை ஒரு எடத்துக்குப் போவுது. மறுபடி நீட்டுதாரு, மறுபடி காத்தப் புடிக்காரு. பொறவு கேட்டு மேலயே கைய வச்சு, கம்பி கம்பியாத் தடவிக்கிட்டே வந்து கொக்கியப் புடிச்சாரு. ரோட்டத் தாண்டி ஒரு எட்டு வச்சா நான் தொறந்து விட்டிருக்கலாம். நான் டீக்கடைத் தூணுக்குப் பின்னால போயிட்டேன். அவரு வந்து வாசல்ல நின்னு, நான் நின்ன பக்கமே கொஞ்ச நேரம் பாத்தாரு. தெரிஞ்சுதோ என்னமோ. ஒத்தக் கண்ணுல அம்புட்டு தூரம் தெரியுமா சார்? தெரிஞ்சிருந்தா 'ஆவுடையாவே'ன்னு கூப்பிட்டிருப்பாரு. கட்டாயம் கூப்பிட்டிருப்பாரு. திட்டவே மாட்டாரு சார் அவரு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

வந்துட்டு, மாட்டுத்தாவணி. எறங்குங்க, எறங்குங்க, உங்க பையப் பாத்து எடுங்க.

சார், ஒரு நிமிஷம். உங்களுக்கு அவசர வேலை ஒண்ணும் இல்லன்னா... தப்பா நெனைக்காதீங்க. ஆட்டோவுல போயிருவோம், பக்கந்தான். பெல்ல மட்டும் நீங்க அடிச்சிருங்க. யாருன்னு கேட்டா, திருநெல்வேலியில இருந்து ஒருத்தர் வந்திருக்காருன்னு சொல்லுங்க. நானும் அங்கதான் நிப்பேன், உங்களுக்குப் பின்னால.